பூப் பொறுக்கும் பிள்ளைகள்

ஆட்டம் முடிந்ததும் ஆடிய பெண் நாலா பக்கமும் திரும்பிக் குனிந்து வணக்கம் சொல்வாள். சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்கள் பூங்கொத்துகளைப் பனித்தரையில் வீசுவார்கள். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில்தான் எல்லோரும் எழுந்திருப்போம். அப்பா வெற்றிலைச் சாற்றைத் துப்ப வாசலுக்குப் போவார். நான் அடுப்பில் வைத்த பாலைப் பார்க்க ஓடுவேன். எங்களோடு பார்க்க வரும் நர்ஸக்கா மட்டும் அப்போதுதான் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, டி.வி.க்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோவார். சின்னஞ்சிறு பெண்பிள்ளைகள் சறுக்கிக்கொண்டு வந்து அந்தப் பூக்களைப் பொறுக்கி மார்போடு அணைத்து எடுத்துப் போவார்கள். அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் திரும்பி வரும்போது எனக்குத் தெரிவது அவருடைய முதுகும் கொண்டையும்தான். "கண்ணு கெட்டுப் போயிருமுங்க்கா, தள்ளி உக்காருங்க" என்று அதட்டுவேன். அந்த முதுகு அசையாது. இன்றைக்கும் சில சாயங்காலங்களில் டி.வி. முன்னால் அந்த முதுகு உட்கார்ந்திருக்கிறது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன், உட்கார்ந்திருக்கிறது.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஐஸ் சறுக்காட்டத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் மலையில் பனி என்றால் மூடுபனி. அதன் மேல் நின்று ஆட முடியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் வீட்டை ஒட்டிக் குடையும் டார்ச் லைட்டும் விற்றுக்கொண்டிருந்த பாய், சேலத்திலிருந்து ஒரு பெரிய தட்டு ஆன்டெனாவைக் கொண்டுவந்து கடை மாடியில் நட்டார். கடையின் பின்னறையிலிருந்து ஊருக்கெல்லாம் கேபிள் இழுத்தார். கிரிக்கெட் முடிந்து விளையாட்டுச் சேனலை அணைக்க மறந்த ஒரு மார்ச் மாதச் சாயங்காலம், வெள்ளைத் தரையில் ஒரு பெண் காற்றில் சுழன்று ஒற்றைக் காலில் வந்து இறங்கினாள். அப்பா அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மழைக் காலத்தில் செம்மண் சரிவில் யார் வழுக்குவார்கள், யார் நிற்பார்கள் என்று காலைப் பார்த்தே சொல்லி வாழ்ந்த மனிதர். அவருக்கு இந்த ஆட்டத்தில் இசையோ உடுப்போ முக்கியமில்லை. "எறங்கறப்ப முட்டிய மடக்கறா பாரு. மூட்டையத் தூக்கிட்டு நம்ம பொம்பளைங்க எறங்குவாங்களே, அதே கணக்கு" என்பார். வெளிநாட்டுப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே அவர்களுக்கு நாங்களே பேர் வைத்தோம். செவப்புக் கவுன், ஒட்டடைக்குச்சி, மூக்குத்திக்காரி, அழுமூஞ்சி. ஆறு மார்க்குக்கு எத்தனை என்று அங்கே நடுவர்கள் போடுவதற்கு முன்னால் அப்பா போட்டுவிடுவார். நடுவர்களின் மார்க் அதற்கு ஒத்துவராவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் வாய் கொடுக்க முடியாது.

மார்ச் மாதம் வருவதற்குள்ளேயே எங்கள் ஏற்பாடுகள் தொடங்கிவிடும். குரங்கு தட்டைத் திருப்பிவிடாமல் இருக்க பாய் மாடியைச் சுற்றி முள் வைப்பார். கரண்ட் போனால் ஓட்ட ஜீப் பேட்டரி ஒன்றைச் சார்ஜ் செய்து வைப்பார். நானும் நர்ஸக்காவும் ஒரே மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. அவர் பிரசவ வார்டில், நான் நோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் இடத்தில். சீட்டுக்காக நிற்கும் சனங்களை வைத்துக்கொண்டே செவப்புக் கவுன் இந்த வருஷம் விழுவாளா மாட்டாளா என்று பேசி டாக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். போட்டி எப்போதும் தவக்காலத்தில்தான் வரும். எங்கள் வீட்டில் அப்போது கறி கிடையாது, சினிமா கிடையாது. இது சினிமாவில் சேருமா என்று அப்பாவுக்குச் சந்தேகம் வந்து பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டார். "சிலுவைப்பாதைக்கு ஒழுங்கா வந்துட்டுப் போய்ப் பாருங்க ரைட்டரே" என்று அவர் சிரித்தார். பாய்க்கு அந்த வருஷங்களில் அதே மாதம்தான் நோன்பு. இரண்டு பக்கமும் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு, எங்கேயோ இருக்கும் பெண்கள் விழாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வோம். பைத்தியக்காரக் கூட்டம்தான். ஆனால் அந்த மாதிரிச் சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.

ஒரு குறைதான். பாயிடம் விளையாட்டுச் சேனலுக்கும் பாட்டுக்கும் ஒரே கம்பி. ஓர் ஆட்டம் முடிந்ததும் சட்டென்று பாட்டுக்கு மாற்றி, அடுத்தவள் வரும் நேரம் பார்த்துத் திரும்ப மாற்றுவார். நாங்களும் அதைத்தான் விரும்பினோம். பூ விழத் தொடங்கியதும் அப்பா சுவர் மேல் எட்டிக் கத்துவார்: "மாத்துங்க பாய்! பூப் பொறுக்கறத எவன் பாப்பான்!" பாய் சில சமயம் உடனே மாற்றுவார், சில சமயம் கொஞ்சம் தாமதிப்பார். அந்தத் தாமதத்தில்தான் நர்ஸக்கா தரையில் இறங்கி உட்கார்ந்துகொள்வார்.

அவர் ஏன் அப்படி உட்கார்ந்தார் என்பது எங்களுக்குத் தெரிந்தது பின்னால்தான். படிக்கிற உங்களை நான் காக்க வைக்கப் போவதில்லை. நர்ஸக்கா நாகலூர்க்காரர். எழுபதுகளில் மிஷன் சிஸ்டர்கள் மூலமாக ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனவர். அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டார். ஒரு பெண் பிறந்தது. அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று தகவல் வந்து, மூன்று வயசுப் பிள்ளையைத் தகப்பனிடம் விட்டுவிட்டு லீவில் வந்தார். அம்மா சீக்கிரம் குணமாகவும் இல்லை, போய்ச் சேரவும் இல்லை. லீவு நீண்டுகொண்டே போனது. அங்கிருந்து முதலில் கோபம் வந்தது, பிறகு விவாகரத்துக்கும் பிள்ளையை விட்டுக்கொடுக்கவும் கையெழுத்துக் கேட்டுக் காகிதம் வந்தது. அழுது ஓய்ந்து, போட்டு அனுப்பிவிட்டார். அதன் பிறகு அந்த மனிதர் வீட்டை மாற்றிவிட்டார். பிள்ளை சறுக்காட்டம் கற்றுக்கொள்கிறது என்று மட்டும், கூட வேலை பார்த்த ஒரு பழைய நர்ஸ் மூலமாகக் காதில் விழுந்தது. நாங்கள் ஆட்டக்காரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தன் மகள் வயசுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் அந்தப் போட்டி ஜெர்மனியில், அவர் வேலை பார்த்த அதே ஊரில். அந்தப் பழைய நர்ஸிடமிருந்து ஆஸ்பத்திரிக்கு போன் வந்தது. நான்தான் எடுத்து அவரிடம் கொடுத்தேன். எனக்குப் புரியாத மொழியில் பேசினார். பேசிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என்னங்க்கா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல கண்ணு, நல்ல சேதிதான்" என்றார். ஊர் சறுக்காட்டக் கிளப்பின் பிள்ளைகள்தான் பூப் பொறுக்கப் போகிறார்கள், அவர்களில் உன் மகளும் இருப்பாள். அதுதான் சேதி. போட்டோ ஒன்று அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்று பின்னாளில் நான் கேட்டபோது, "கையெழுத்துப் போட்டுக் குடுத்தவ நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?" என்றார். எனக்கு அந்த முகம் தெரியாத மனிதர் மேல் வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை.

போன் வந்த நாளிலிருந்து அவர் எங்களையெல்லாம் மிஞ்சிய ரசிகையாகிவிட்டார். தட்டை எந்தப் பக்கம் திருப்பினால் படம் தெளியும் என்று பாயோடு மாடியேறி நின்றார். இறுதி ஆட்டத்தை அங்கே நடந்த மறுநாள் சாயங்காலம்தான் எங்கள் சேனலில் காட்டுவார்கள். அந்த நாளுக்கு லீவு எழுதி வாங்கி வைத்திருந்தார். எல்லாம் இருந்தும் என்ன? அன்று மத்தியானம் மாரமங்கலத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை குறுக்கே நிற்கிறது என்று ஆள் ஓடிவந்தான். டாக்டர் சேலம் போயிருந்தார். ஆஸ்பத்திரி ஜீப் நர்ஸக்கா வீட்டு முன்னால் போய் நின்றது. லீவில் இருக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்கிற ஆளா? போகிற வழியில் ஜீப்பைப் பாயின் கடை முன்னால் நிறுத்தி இறங்கினார்.

"பாய், உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன். இன்னைக்கி ஆட்டத்தக் கேசட்ல புடிச்சு வெச்சிருங்க."

"நீங்க போயிட்டு வாங்க நர்ஸம்மா. அது எம்பொறுப்புங்க" என்றார் பாய்.

மறுநாள் காலையில் நர்ஸக்கா வந்தார். புடவை ஓரமெல்லாம் சேறு. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். முகம் கழுவக்கூட வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பாயின் வீடியோ டெக் கடையில் கேபிளோடு கட்டிக் கிடந்தது; துபாயிலிருந்து என் அண்ணன் கொண்டுவந்த டெக் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. பாய் கேசட்டைத் துண்டில் சுற்றி, தன் கையாலேயே கொண்டுவந்து போட்டார். போட்டார் என்றா சொன்னேன்? பொண்ணு மாப்பிள்ளைக்குப் பரிசு கொடுப்பது போலப் போட்டார்.

ஒட்டடைக்குச்சி ஆடினாள். சுழன்றாள், குதித்தாள், கையை விரித்து நின்றாள். நர்ஸக்கா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். ஒரு பூங்கொத்து காற்றில் வந்தது. அது தரையைத் தொடுவதற்குள் படம் ஒரு வெட்டு வெட்டி, அடுத்தவள் நடுவில் வந்து நின்றாள். அவள் ஆடி முடித்தாள். வணக்கம் சொன்னாள். வெட்டு. அடுத்தவள். வெட்டு.

நர்ஸக்கா திரும்பிப் பாயைப் பார்த்தார்.

"நடுவுல எல்லாம் காணமேங்க பாய்?"

பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "போட்டி நீளம் ஜாஸ்திங்க நர்ஸம்மா, கேசட் பத்தாது. அதான் சாயங்காலம் பூரா பட்டன் மேலயே கைய வெச்சு உக்காந்துட்டனுங்க. ஆடி முடிக்கவும் நிறுத்தறது, அடுத்த பொண்ணு வரவும் அமுக்கறது. வேஸ்ட்டையெல்லாம் கத்திரிச்சுப் போட்டேன். ஒரே கேசட்ல அத்தன பேரும் ஏறிட்டாங்க பாருங்க!"

கல்யாண வீடியோ எடுத்துக் கொடுப்பதும் அவருடைய தொழில். கல்யாண கேசட்களில் மொய் எழுதும் இடத்தையும் பந்திக்குக் காத்திருக்கும் இடத்தையும் அவர் அப்படித்தான் கத்தரிப்பார், சனங்கள் வாழ்த்துவார்கள். பூப் பொறுக்குவதைப் பார்க்க எவன் இருக்கிறான் என்று அப்பா எங்கள் வீட்டுச் சுவருக்கு மேலிருந்து கத்துவதை அவர் வருஷக்கணக்காகக் கேட்டு வந்தவர். யாரைக் குறை சொல்ல?

"நல்லதுங்க பாய்" என்றார் நர்ஸக்கா. எழுந்திருக்கவில்லை. எல்லா வெட்டுகளையும் தரையில் உட்கார்ந்தே பார்த்தார். எனக்கு அப்போது விஷயம் தெரியாது. தூங்காத களைப்பு என்று நினைத்துக் காப்பியை ஆற்றிக் கையில் கொடுத்தேன். அது அப்படியே ஆறிப்போனது.

செவப்புக் கவுன் ஆடி முடித்தபோது மட்டும் வெட்டு வரவில்லை. அது நோன்பு திறக்கும் நேரம். பாங்குச் சத்தம் கேட்டுப் பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டிருக்கிறார் பாய். பட்டனை அமுக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. நீலக் கவுன் போட்ட ஒரு பிள்ளை சறுக்கி வந்து குனிந்தது. முதுகு. முதுகில் ஒற்றைப் பின்னல், கருப்பு முடி. கை பூவைத் தொட்டது. அவ்வளவுதான், வெட்டு.

"கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க பாய்."

ஓட்டினார். இன்னொரு தடவை என்றார். ஓட்டினார். திரும்பத் திரும்ப அந்தப் பிள்ளை குனிந்தது. முந்தின நாள் போட்ட மார்க்கைச் சரிபார்க்கக் காத்திருந்த அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்க நர்ஸம்மா, அந்தப் புள்ளை என்ன குதிக்கவா போகுது? அதையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க?"

"அது எம்புள்ளைங்க ரைட்டரய்யா" என்றார் நர்ஸக்கா.

அழாமல், தடுமாறாமல், வார்டில் பெயர் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவுக்கு வெற்றிலை வாயில் அப்படியே நின்றுவிட்டது. பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். "அல்லா, நான் என்ன காரியம் பண்ணிப்போட்டேன்" என்று எழுந்து வெளியே போனவர், செருப்பைக்கூட மாட்டவில்லை.

அந்த வாரம் நர்ஸக்கா தினமும் டூட்டி முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த ஒரு துண்டைப் பார்த்துவிட்டுப் போவார். அவருக்குத் துக்கம் இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். எனக்குத் தெரிந்து முதல் தடவையாகத் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தார். "பின்னல் பாத்தியா கண்ணு? எங்கம்மாளுக்கு அப்படியே இருக்கும், நொம்ப அடத்தி" என்பார். "குனியறப்ப வலது தோள எறக்கறா பாரு, நானும் அப்படித்தான்" என்பார். நானும் ஆமாங்க்கா, அதே தோள்தான் என்பேன். சும்மா சொல்லவில்லை, பார்த்துப் பார்த்து எனக்கும் அப்படியே தெரியத் தொடங்கிவிட்டது. வராண்டாவில் நடக்கும்போது அவர் முணுமுணுவென்று ஏதோ பாடுகிறார் என்று வார்டு ஆயா வந்து என்னிடம் சொன்னாள்.

பாய்தான் தூங்கவில்லை. சேலத்துக்கும் மெட்ராசுக்கும் போன் போட்டு, தொழிலில் இருக்கிற அத்தனை பேரையும் விசாரித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே இறுதி ஆட்டத்தை விளையாட்டுச் சேனலில் மறுபடியும் முழுசாகக் காட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார். ஞாயிறு மத்தியானம் ஊருக்கெல்லாம் அவர் தமிழ்ப் படம் போடும் நேரம். அதைத் தூக்கிவிட்டார். "ஒரு துளி கூட வெட்ட மாட்டனுங்க நர்ஸம்மா. ஊடே இடிஞ்சு விழுந்தாலும் பட்டன் பக்கம் கைய வெக்க மாட்டேன்" என்று வந்து சத்தியம் செய்தார். செய்தது மட்டுமில்லை, செய்தபடி இருந்தார். அன்றைக்கு ஏற்காடு முழுக்க, படம் பார்க்கச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்த சனங்கள், யாருமில்லாத ஐஸ் தரையை ஒரு வண்டி மெதுவாகத் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்தார்கள். ஏரிப் பக்கத்திலிருந்து ஆட்கள் கடைக்கே வந்து கத்தினார்கள். பாய் ஷட்டரை உள்பக்கமாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

நர்ஸக்கா பூசை முடிந்து நேராக வந்தார். பட்டுப்புடவை கட்டியிருந்தார். தவக்காலத்தில் பட்டு கட்டியதற்கு வேறு யாராக இருந்தாலும் அப்பா ஒரு சொல் சொல்லியிருப்பார். அன்று அவரே நாற்காலியை ஒதுக்கி, தரையில் கோரைப்பாயை விரித்துப் போட்டார்.

முதல் ஆட்டம் முடிந்தது. பூக்கள் விழுந்தன. யாரும் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள்.

ஒன்றிரண்டு இல்லை, கூட்டமாக வந்தார்கள். எல்லோருக்கும் அதே நீலக் கவுன். எல்லோருக்கும் முதுகில் அதே ஒற்றைப் பின்னல். கிளப்பில் அப்படித்தான் வாரிவிடுவார்கள் போலிருக்கிறது. கருப்பு முடிப் பிள்ளைகளே நான்கைந்து பேர். குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். முன்பல் விழுந்த ஒருத்தி, கன்னம் சிவந்த ஒருத்தி, மாநிறமாக ஒருத்தி, அவளை விடக் கொஞ்சம் நிறமாக இன்னொருத்தி. குனியும்போது எல்லோருக்கும்தான் வலது தோள் இறங்கியது. நர்ஸக்கா முழங்காலிட்டு எழுந்து, திரைக்கு வெகு பக்கத்தில் போனார். மாநிறப் பிள்ளையின் மேல் விரலை வைத்தார். விரல் தயங்கி அடுத்த முகத்துக்குப் போனது. அடுத்த ஆட்டம், மறுபடி பூ, மறுபடி பிள்ளைகள். விரல் இங்கும் அங்கும் ஓடியது. ஏதாவது ஒருத்தியைக் காட்டி இவதாங்க்கா என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது. அதற்குள் அவரே திரும்பி என்னைப் பார்த்தார்.

"இதுல எவ எம்புள்ளைன்னு எனக்குத் தெரியலையே கண்ணு."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். செவப்புக் கவுன் அன்று ஜெயித்தாளா என்று எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை.

அதற்குப் பிறகும் போட்டிகள் வந்தன. நாங்கள் பார்த்தோம், ஆனால் யாரும் மார்க் போடவில்லை. அப்பா போய்விட்டார். பாயும் போய்விட்டார், அதன் பின் கடைசிவரை எந்த வீட்டுக் கேசட்டையும் அவர் கத்தரிக்கவில்லை. ஓய்வு பெற்று நாகலூரில் தனியாக இருந்த நர்ஸக்காவைக் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்ததும் நாங்கள்தான். ஜெர்மனியிலிருந்து யாரும் வரவில்லை, அங்கே யாருக்கும் சேதி தெரியாது. இன்றைக்கு என் கைபேசியில் எந்த நாட்டு ஆட்டத்தையும் எந்த நிமிஷமும் பார்க்கலாம். பார்க்கிறேன். ஆடுகிறவள் யார் என்று எனக்குக் கவனமில்லை. பூ விழுந்ததும் படத்தை நிறுத்திப் பிள்ளைகளின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். அவள் இப்போது நடுவயசுக்காரியாக இருப்பாள் என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாய் புதுக் கேசட் இரண்டைக் கொண்டுவந்து நீட்டினார். ஆட்டம் முழுவதையும், ஒன்று கழிக்காமல், அவற்றில் பிடித்திருந்தார். தப்பைத் திருத்திவிட்ட நிம்மதி அவர் முகத்தில். நர்ஸக்கா அவற்றை வாங்கவில்லை. பட்டுப்புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டெக் மேல் கிடந்த பழைய கேசட்டை எடுத்தார்.

"இதையே நான் வெச்சுக்கறனுங்க பாய்" என்றார். "இதுல ஒருத்திதான் இருக்கா."

அவர் வீட்டில் டி.வி.யும் இல்லை, டெக்கும் இல்லை. அதைப் போட்டுப் பார்க்க அவர் எங்கள் வீட்டுக்கு மறுபடி வரவும் இல்லை.